எழுவாய் இல்லாத எறிகணைகள்

யுத்த காலத்தில் இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளில் பணியாற்றிய எவருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். "எறிகணைகள் வீழ்ந்து வெடித்ததில் இத்தனை பேர் பலி; இத்தனை பேர் காயம்." ஊரின் பெயரும் எண்ணிக்கையும்தான் நாளுக்கு நாள் மாறும். செய்தி மேசையில் இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன், எத்தனை நூறு தடவை திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரிடம் கொடுத்தால், 'எறிகணைகள்' என்பதே அவ்வாக்கியத்தின் எழுவாய் என்பார். வாசகர் தேடும் எழுவாய் வேறு. மழை விழுவது போல எறிகணை தானாக விழுவதில்லை. ஒருவர் அதைக் குழாய்க்குள் இட்டிருக்கிறார். ஒருவர் கோணம் பார்த்திருக்கிறார். ஒருவர் கட்டளை கொடுத்திருக்கிறார். இவர்களில் எவருக்கும் எங்கள் வாக்கியத்தில் இடமிருக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பிராந்திய நிருபர் தொலைபேசியில், இராணுவ முகாம் பக்கமிருந்து எறிகணை வந்ததாக ஊர்மக்கள் கூறுகிறார்கள் என்பார். படைத்தரப்பைக் கேட்டால், அது புலிகளே ஏவியது என்ற பதில் வரும். வேறு சில நாட்களில் இந்த இரு பதில்களும் இடம் மாறி வரும். 1998ஆம் ஆண்டிலும், ஆனையிறவு வீழ்ந்த பின்னர் 2000ஆம் ஆண்டிலும் யுத்தச் செய்திகளுக்குத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. அச்சுக்குப் போகும் நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கும். 'வீழ்ந்து வெடித்ததில்' என்று எழுதினால் எவருக்கும் கோபம் வராது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம்மவர் பழமொழி. நாங்கள் அம்பைப் பற்றி மாத்திரம் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், எய்தவன் நிற்கும் இடத்தைச் சில விநாடிகளில் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று உலகச் சந்தையில் விற்பனைக்கு இருந்தது. எதிரியின் ஆட்லறி நிற்கும் இடத்தைக் காட்டும் ராடார் அது. அதன் கொள்வனவு குறித்து இராணுவ ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். எறிகணைகளுக்குக் கீழே வாழ்ந்த சமூகத்தைச் சேர்ந்த ஒரு பத்திரிகையாளனின் பார்வையில் அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்தேன்.

யாழ்ப்பாணத்துச் சனங்கள் அந்த ராடாரின் வேலையைத் தம் காதுகளால் செய்தவர்கள். தொலைவில் 'தொம்' என்று குத்துச் சத்தம் கேட்டதும், கோட்டைப் பக்கமா, பலாலிப் பக்கமா என்று சொல்லிவிடுவார்கள். பிறகு எண்ணத் தொடங்குவார்கள். எத்தனை எண்ணுவதற்குள் பங்கருக்குள் இறங்கவேண்டும் என்பது சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட அந்தக் குழிகளுக்குள் இருந்தவர்களுக்கு, எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி உயிர் தப்பும் கேள்வியாக இருந்தது.

இதே காதுக் கணக்கை விஞ்ஞானமாக்கியவர்களுள் முக்கியமானவர் லோரன்ஸ் பிராக். முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, 1915இல், தம் தந்தையாருடன் சேர்ந்து பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 25. போர்முனையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, ஒரு பீரங்கியின் சத்தம் ஒவ்வோர் ஒலிவாங்கியையும் வந்தடையும் நேர வித்தியாசத்தை அளந்து, பீரங்கி நிற்கும் இடத்தைக் கணிப்பது அவரது குழுவினரின் பணியாக இருந்தது. அவரது சகாவான வில்லியம் டக்கர், பீரங்கியின் ஆழ்ந்த ஒலியை மட்டும் பிரித்துணரும் ஒலிவாங்கியை உருவாக்கிக் கொடுத்தார்.

ராடார் வந்த பின்னர் காதின் இடத்தைக் கண் பிடித்துக்கொண்டது. இன்றைய ஆட்லறி ராடார் அடிவானத்துக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்றைக் கட்டுகிறது. மேலெழும் எறிகணை அந்த வேலியைத் தாண்டும்போது, ராடாரின் கற்றை அதைப் பற்றிக்கொண்டு சில விநாடிகள் பின்தொடர்கிறது. எறிந்த கல் செல்லும் வளைவு எப்படிப்பட்டது என்பது பள்ளிக்கூடக் கணிதம். வளைவின் ஒரு துண்டு கிடைத்தால், பின்னோக்கி நீட்டிச் சுட்ட இடத்தையும், முன்னோக்கி நீட்டி விழப்போகும் இடத்தையும் கணினி கணித்துவிடும். எறிகணை தரையைத் தொடும் முன்பே, அதை ஏவிய பீரங்கியை நோக்கிப் பதில் சூடு புறப்படலாம். இதனாலேயே, சுட்டதும் பீரங்கியை இடம் மாற்றுவது எல்லாப் படைகளுக்கும் பாலபாடமாயிற்று.

அமெரிக்காவின் ரி.பி.கியூ-36, ரி.பி.கியூ-37 என்பன இவ்வகையில் உலகப் புகழ் பெற்றவை. முதலாவது மோட்டாரையும் கிட்டிய தூர ஆட்லறியையும் தேடுவது. இரண்டாவது பெரியது, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வரை பார்க்கக்கூடியது. இவற்றை வாங்காமல் விட்டதன் விலை என்ன என்பதற்குத் தெற்காசியாவில் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு 1999ஆம் ஆண்டின் கார்கில் யுத்தம்.

அமெரிக்கத் தயாரிப்பான இத்தகைய ராடார்கள் அப்போது பாகிஸ்தானிடம் இருந்தன. 1980களில் ஆப்கானிஸ்தானை முன்னிட்டு வாஷிங்டனும் இஸ்லாமாபாத்தும் நெருங்கியிருந்த காலத்தின் அறுவடை அது. இந்திய இராணுவத்திடம் அவை இருக்கவில்லை. தேவை முன்னரே உணரப்பட்டிருந்தது. பேச்சுகளும் பரிசோதனைகளும் கோப்புகளும் ஆண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தன. 1998 மே மாதத்தில் பொக்ரானில் நிகழ்ந்த அணுப் பரிசோதனையை அடுத்து அமெரிக்கா தடை விதித்தது. அடுத்த ஆண்டே கார்கில் மலைகளில் இந்தியச் சிப்பாய்கள் பாகிஸ்தானிய ஆட்லறியின் கீழ் நிற்கவேண்டியதாயிற்று. அந்தப் போரில் 527 இந்தியப் படையினர் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பகுதியினர் எதிரியின் ஆட்லறிக்கும் மோட்டாருக்கும் பலியானவர்கள் என்பதை இந்திய இராணுவ ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

அதன் பின்னர் கோப்புகள் வேகமாக நகர்ந்தன. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவிடமிருந்து ரி.பி.கியூ-37 ராடார்கள் எட்டினை வாங்க இந்தியா உடன்படிக்கை செய்தது. பின்னர் மேலும் நான்கு சேர்ந்து மொத்தம் 12 ஆயின. பல தசாப்தங்களின் பின் அவ்விரு நாடுகளுக்கும் இடையில் நிகழ்ந்த முதலாவது பெரிய இராணுவக் கொள்வனவு என்று அது பேசப்பட்டது. எந்த நாடு ஒரு தரப்புக்கு முன்பு ராடாரைக் கொடுத்ததோ, அதே நாடே மறு தரப்புக்கும் விற்றது. ஆயுதச் சந்தையில் இது புதுமையன்று.

இந்தியாவின் சொந்த ராடாரான 'சுவாதி' பிறந்த கதை சுவையானது. ஆகாஷ் ஏவுகணைக்காக உருவாக்கப்பட்ட ராஜேந்திரா ராடாரைப் பரிசோதித்தபோது, அருகிலிருந்த சோதனைத் திடலில் சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகளும் அதன் கண்ணில் பட்டன. விமானத்தைத் தேடச் செய்த கண்ணுக்குக் குண்டும் தெரிகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே சுவாதி வளர்ந்தது. எனினும் இந்திய இராணுவத்திடம் அது முறைப்படி கையளிக்கப்பட்டது 2017 மார்ச்சில்தான். கார்கிலுக்குப் பின் 18 ஆண்டுகள் கடந்திருந்தன. 2020இல் ஆர்மேனியா நான்கு சுவாதிகளை இந்தியாவிடமிருந்து வாங்க முன்வந்தது. வாங்குவதற்கு வழியில்லாமல் நின்ற நாடு விற்கும் நாடாயிற்று.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று இதைச் சிலர் பரிகசிப்பதுண்டு. பரிகாசத்துக்கு அப்பால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆட்லறி ராடாரின் அருமை, சூடு விழத் தொடங்கிய பின்பே ஆட்சியாளருக்குப் புலப்படுகிறது. போர் விமானம் அணிவகுப்பில் பறக்கும். தாங்கி வீதியில் உருளும். ராடாரோ ஒரு வாகனத்தின் மேல் நிற்கும் தட்டையான பலகை. அதற்குக் கைதட்டுவார் இல்லை. பிணங்கள் வந்து சேர்ந்த பின்னரே அதற்குப் பணம் ஒதுக்கப்படுகிறது.

எங்கள் நாட்டிலும் அவ்வாறே நடந்தது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டனர். 122 மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டு விடுதலைப் புலிகளின் கைக்குப் போயின. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபோது மேலும் பீரங்கிகள் போயின. அதுவரை ஆட்லறி என்பது அரச படைக்கு மட்டும் உரியதாயிருந்த போர், இருபுறமும் ஆட்லறி முழங்கும் போராக மாறியது. 2006 ஆகஸ்டில் பூநகரிப் பக்கமிருந்து புலிகள் ஏவிய எறிகணைகள் கடலேரியைத் தாண்டிப் பலாலித் தளத்தில் வீழ்ந்தன. எதிரியின் பீரங்கியைத் தேடும் தேவை இராணுவத்துக்கு எப்படி வந்தது என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை. அமெரிக்க, சீனத் தயாரிப்பு ராடார்கள் இலங்கை இராணுவத்தின் கையில் வந்து சேர்ந்தமை இரகசியமன்று.

இத்தகைய கொள்வனவுக்கு ஆதரவாக ஒரு வாதம் வழமையாகச் சொல்லப்படும். ராடார் எவரையும் கொல்வதில்லை. அது தற்காப்புச் சாதனம். தவிர, குருட்டுத்தனமாகச் சுடுவதைத் தடுத்துக் குறிபார்த்துச் சுட உதவுவதால் பொதுமக்களுக்கும் நல்லது என்பதே அந்த வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத படை, சந்தேகப்படும் திசை முழுவதிலும் கொட்டித் தீர்க்கும் என்பது நாங்கள் அனுபவித்து அறிந்தது. ஆனால் ராடார் விடை சொல்வது ஒரேயொரு கேள்விக்கு. சுட்ட பீரங்கி எங்கே நிற்கிறது என்பது அந்தக் கேள்வி. அந்தப் பீரங்கிக்கு 200 மீற்றர் தள்ளி எவர் இருக்கிறார்கள் என்பது அதன் திரையில் வராது.

1996 ஏப்ரல் 18ஆம் திகதி தென் லெபனானின் கானா என்ற ஊரில் இது வெளிப்பட்டது. அங்கே ஐ.நா. அமைதிப்படையின் பிஜி நாட்டுப் படைப்பிரிவு முகாமிட்டிருந்தது. சண்டைக்கு அஞ்சிய சுமார் 800 பொதுமக்கள் அந்த முகாமுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். முகாமிலிருந்து சில நூறு மீற்றர் தொலைவில் நின்று ஹிஸ்புல்லா இயக்கத்தினர் மோட்டாரால் சுட்டனர். இஸ்ரேலிய ராடார் அந்த இடத்தைக் கண்டுகொண்டது. 155 மில்லிமீற்றர் பீரங்கிகள் பதில் சொல்லின. முகாமுக்குள் குண்டுகள் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். வரைபடத்தில் ஏற்பட்ட பிழை என்றது இஸ்ரேல். ஐ.நா. சார்பில் விசாரித்த ஒல்லாந்து ஜெனரல் வான் கப்பன், தொழில்நுட்பப் பிழையாலோ நடைமுறைப் பிழையாலோ இது நேர்ந்திருக்கும் சாத்தியம் குறைவு என்று அறிக்கையிட்டார். எந்த விளக்கத்தை ஏற்றாலும், ராடார் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது என்பது மிஞ்சும்.

பத்தாண்டுகள் கழித்து, 2006 நவம்பர் 8ஆம் திகதி, மட்டக்களப்பின் வடக்கே கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து 40க்கும் மேற்பட்டோர் பலியாகினர். அந்தப் பகுதியிலிருந்து புலிகள் சுட்டதற்கே பதில் கொடுத்தோம் என்று இராணுவம் கூறியது. அங்கு சென்ற போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர், முகாமை அண்டி இராணுவ நிலைகள் எவற்றையும் தாம் காணவில்லை என்றனர். கானாவையும் கதிரவெளியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும். 'அங்கிருந்து சுட்டார்கள்' என்பதோடு கேள்விகள் முடிந்துவிடுகின்றன. பொதுமக்களின் அருகில் நின்று சுட்டவனின் பழியும், அவர்கள் அங்கே இருப்பதை அறிந்தும் திருப்பிச் சுட்டவனின் பழியும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்வதில்லை. இரண்டும் தனித்தனியே நிற்பவை.

ராடாருக்கு இன்னொரு பயனும் உண்டு. கொள்வனவு செய்பவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எறிகணை புறப்பட்ட இடம், நேரம், திசை என்பவற்றை எண்களாக வைத்திருப்பதால் அது ஒரு சாட்சி. சரயேவோ நகரின் மார்க்கலே சந்தையில் 1994 பெப்ரவரி 5ஆம் திகதி ஒரேயொரு மோட்டார்க் குண்டு 68 பேரைப் பலிகொண்டது. 1995 ஆகஸ்ட் 28ஆம் திகதி அதே இடத்தில் மறுபடியும் 43 பேர் மாண்டனர். இரண்டு தடவையும், எதிர்த்தரப்பே தன் மக்கள் மீது சுட்டுவிட்டு எங்கள் மேல் பழிபோடுகிறது என்று சேர்பியத் தரப்பு கூறியது. இந்த வாசகம் எங்கள் செய்தி மேசைக்கு மிகப் பழக்கமானது. ஆனால் ஹேக் நகரிலிருந்த சர்வதேச நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. குண்டு தோண்டிய பள்ளத்தின் கோணத்தை நிபுணர்கள் அளந்தார்கள். சத்தம் கேட்டவர்கள் சாட்சி கூறினார்கள். இரண்டாவது சம்பவத்தில் ஐ.நா. படையின் ராடார் குண்டைக் காணாமல் விட்டிருந்தது. ஏன் காணவில்லை என்பதும் ஒரு தடயமாக ஆராயப்பட்டது. இரு குண்டுகளும் பொஸ்னிய சேர்பியப் படையின் பக்கமிருந்தே வந்தன என்று தீர்ப்பாயிற்று.

எங்கள் நாட்டில் என்ன நடந்தது? 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியின் பாதுகாப்பு வலயங்களிலும் வைத்தியசாலைகளிலும் எறிகணைகள் வீழ்ந்தன. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, அரச படைகள் அவ்விடங்களின் மீது சுட்டதாக நம்பகமான குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. புலிகள் பொதுமக்களின் நடுவிலிருந்து சுட்டமையையும், தப்பியோட முயன்றோரைச் சுட்டமையையும் அதே அறிக்கை கூறியது. அவ்வாண்டு இறுதியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை வெளியாயிற்று. வைத்தியசாலைகள் மீதான எறிகணைத் தாக்குதல்களை ஆராய்ந்த அந்த ஆணைக்குழு, நேரம், சரியான இடம், சூடு வந்த திசை ஆகியவற்றில் தெளிவற்ற படமே கிடைப்பதாக எழுதியது.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது நான் அறிக்கையை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். நேரம், இடம், திசை: ஆட்லறி ராடார் என்ற இயந்திரம் கொள்வனவு செய்யப்படுவது இம்மூன்றையும் அறிவதற்காகவே. பல கோடி ரூபாவை மக்களின் வரியிலிருந்து செலுத்தி இம்மூன்றையும் அறியும் கருவியை வாங்கிய ஒரு நாட்டில், ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு இம்மூன்றுமே தெளிவாகக் கிடைக்கவில்லை. திருப்பிச் சுடுவதற்கு அவசியமாயிருந்த தகவல், விசாரணை என்று வந்தபோது மேசைக்கு வந்து சேரவில்லை.

ஆயுதக் கொள்வனவு பற்றி எழுதும்போது நாங்கள் வழமையாகக் கேட்பவை, விலை எவ்வளவு, தரகர் யார், கேள்விப்பத்திரம் கோரப்பட்டதா என்பவை. அவை கேட்கப்படவேண்டியவையே. இந்த ராடாரைப் பொறுத்தவரை மேலும் மூன்றைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது காணும் ஒவ்வோர் எறிகணையின் பதிவும் எத்தனை ஆண்டுகள் பேணப்படும்? பாடசாலை, வைத்தியசாலை, அகதி முகாம் ஆகியவை குறித்த வரைபடம் ராடாரின் திரைக்குப் பக்கத்தில் இருக்குமா, அதைப் பார்த்த பின்தான் பதில் சூட்டுக்கு அனுமதி கொடுக்கப்படுமா? சுயாதீன விசாரணை ஒன்று கோரும்போது பதிவுகளைக் கையளிக்கும் கடப்பாடு சட்டத்தில் உண்டா? வாங்கும் நாட்டின் பாராளுமன்றம் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. விற்கும் நாட்டின் பாராளுமன்றமும் கேட்கலாம்; விற்பனைக்கு நிபந்தனை விதிக்கும் வல்லமை அதற்கே அதிகம்.

உக்ரேனுக்கு அமெரிக்கா இவ்வகை ராடார்களைக் கொடுத்திருக்கிறது. ரஷ்யாவிடம் 'சூபார்க்' என்ற சொந்த ராடார் உண்டு. பீரங்கிக் குண்டு எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கண்டறியும் ஆற்றல் இப்போது அநேகமாக எல்லாப் பெரிய போர்க்களங்களிலும் இருக்கிறது. ஆகவே இனிமேல் எந்தப் படைப் பேச்சாளராவது, எங்கிருந்து வந்தது என்று எமக்குத் தெரியாது என்று சொன்னால், செய்தி மேசையில் இருக்கும் இளைய பத்திரிகையாளர்கள் 'வீழ்ந்து வெடித்ததில்' என்று எழுதத் தொடங்கும் முன், உங்கள் ராடார் அந்நேரம் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒரு தடவை கேட்கட்டும்.